எரிந்த மலை எந்தப் பஞ்சாயத்தில் சேர்த்தி?

பெறுநர்: கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம், பெங்களூரு.

பொருள்: மழை பஞ்சாயத்து எல்லையை மதிக்காமல் பெய்வது குறித்து.

மகாகனம் பொருந்திய மையத்தாருக்கு,

மைசூருவில் சாமுண்டி மலைக்குக் கீழே குடியிருக்கும் தமிழன் எழுதிக்கொள்வது. முதலில் பாராட்டு. கிராம பஞ்சாயத்துக்கு ஒன்று என்று மாநிலம் முழுக்க தானியங்கி மழைமானிகளை நட்டிருக்கிறீர்கள். 15 நிமிடத்துக்கு ஒரு தரம் கணக்கு வந்து விழுகிறது. விவசாயி நடுராத்திரியில் கூப்பிட்டாலும் உங்கள் 'வருண மித்ரா' உதவி மையம் பதில் சொல்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான். காட்டுப் புலிகள் இன்னும் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அவற்றுக்குப் பஞ்சாயத்தும் இல்லை, பஞ்சாயத்துக் கணக்கில் மானியும் இல்லை.

2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கருகியது. விமானப்படை ஹெலிகாப்டரே வந்து தண்ணீர் கொட்டியது. ஆகஸ்டில் கபினி ஆறு பொங்கி, நஞ்சன்கூடு பக்கம் ஊட்டிச் சாலை முழுகியது. அது வயநாட்டு மழையின் கைவரிசை. அந்தப் பழியைத் தீயின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் தீ வனத்துறையில் ஏக்கராகவும், மழை உங்களிடம் மில்லிமீட்டராகவும், வெள்ளம் நீர்ப்பாசனத் துறையில் கன அடியாகவும் பதிவாகிறது. மூன்றையும் ஒரே வரைபடத்தில் யாராவது பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டைபோல, ஒருவர் இருக்கும் கூடத்தில் மற்றவர் கால்வைப்பதில்லை.

கடும் தீயில் வெந்த மண், தண்ணீரை உள்ளே விடாது. துளியைத் தாங்கச் சருகும் இல்லை. ஆகவே நாள் முழுக்கத் தூறும் 30 மில்லிமீட்டரை விட, கால் மணி நேரத்தில் கொட்டும் 15 மில்லிமீட்டர் ஆபத்து. கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் எரிந்த மலையிலிருந்து 2018 ஜனவரி 9 அன்று சேறும் பாறையும் மாண்டிசிட்டோ ஊருக்குள் இறங்கி 23 உயிர்களைக் கொண்டுபோயின. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் எரிந்த சரிவுகளுக்கு முக்கியமாகப் பார்க்கும் அளவு எது தெரியுமா? 15 நிமிட மழை! உங்கள் மானி அனுப்பும் அதே 15 நிமிடம். கடிகாரம் கையில் இருக்கிறது. அலாரம் வைக்கத்தான் ஆளில்லை.

எங்கள் மலையையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபர் மழையில் நந்தி சிலைக்குப் போகும் சாலை சரிந்தது. 2025 பிப்ரவரியில் மலையில் தீ. அந்த இரண்டும் ஒரே வருஷத்தில் சேர்ந்து வரவில்லை. இதில் நிர்வாகத்தின் பங்கு ஏதுமில்லை, அம்மனின் பங்குதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கோடை மழை ஜூனுக்குக் காத்திருக்காது. மார்ச்சிலேயே, எரிந்த இடங்களின் வரைபடத்தை வனத்துறையிடம் கேட்டு வாங்குங்கள். அந்தச் சரிவுகளில் மானி வையுங்கள். கால் மணியில் எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் அடிவாரத்து ஜனங்களை எழுப்புவது என்று முடிவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள். குறுஞ்செய்தி கன்னடத்தில் வந்தாலே போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து வரிதாரர்