ஐடி கார்டைக் கழற்றிவிட்டு வரவும்

(சென்னையில் ஆபீஸ் முடிந்து ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்த காலம் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்கள் முழுக்க அதைப் பற்றியே. ஆகவே இந்த வாரம் அரசியலுக்கு விடுமுறை.)

கே: ஆலங்குடிக்காரர் என்பதால்தான் குருவாகிவிட்டீர்களா? (திருச்சி வாசகர்)

ப: குரு பகவான் இருப்பது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியில். நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம், எங்களுக்கு நாமபுரீஸ்வரர். குருப்பெயர்ச்சிக்கு ஊர் மாறி இறங்கி, கொண்டைக்கடலை மாலையோடு விழிப்பவர்களுக்குப் பஸ் வழி சொல்வதுதான் குருவோடு எனக்குள்ள தொடர்பு. வகுப்பில் என்னை ‘சென்செய்’ என்பார்கள். வகுப்பு முடிந்த மறுநிமிடம், “சார், அந்த எக்ஸெல் ஷீட் என்னாச்சு?”

கே: ஆபீசில் ஐக்கிடோவா? யார் வந்தார்கள்? (அறந்தாங்கி வாசகி)

ப: முதல் வாரம் கேன்டீனில் நிற்க இடமில்லை, இலவசம் என்று மெயில் போயிருந்தது. அடுத்த வாரம் முட்டி போட்டு நடக்கவிட்டேன். ‘ஷிக்கோ’ என்று பெயர். அதற்கடுத்த வாரம் இடம் தாராளம். அப்ரைசல் மாதத்தில் மட்டும் திடீரென்று கூட்டம் சேரும். யாரையாவது தூக்கிப் போட வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு சீசன் உண்டு.

கடைசிவரை நின்றவர்கள் டெஸ்டிங் பிரிவுப் பெண்கள் இருவர், ரிட்டயர்மென்ட்டை நெருங்கிய கணக்குப் பிரிவுப் பெரியவர், நைட் டியூட்டிக்கு முன்னால் வந்துபோகும் செக்யூரிட்டி அண்ணன். இந்த அண்ணன் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை, கேன்டீன் சாவி அவரிடம்தான். மேசை நாற்காலிகளைத் தள்ளி, ரப்பர் மேட்டுகளைக் கோத்து விரித்து, முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். பாதி வியர்வை அதிலேயே போய்விடும். மத்தியானத்துச் சாம்பார் வாசனை மேட்டில் ஏறி, கடைசிவரை இறங்கவே இல்லை.

கே: மேனேஜரைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். (வடகாடு வாசகர், இன்னும் பலர்)

ப: போட்டிருக்கிறேன். அவரும் என்னைப் போட்டிருக்கிறார். ஐக்கிடோ வகுப்பில் முறை மாறி மாறித்தான் பயிற்சி. தாக்க வருபவர்தான் விழ வேண்டும். அதனால் பிடி, பூட்டு, வீச்சு எல்லாவற்றுக்கும் முன்னால் விழுவதற்குத்தான் பாடம். ‘உகெமி’ என்பார்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கை விளிம்பில் தொடங்கி முழங்கை, தோள் வழியாக முதுகைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் இறங்கி, அதே வேகத்தில் எழுந்துவிட வேண்டும். தலை தரையில் படவே கூடாது.

செக்யூரிட்டி அண்ணனுக்கு இது சீக்கிரம் வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் வந்தது. பதவி ஏற ஏற விழுவது கஷ்டமாகிறது. மேனேஜர் பாதி வழியில் கையை ஊன்றி நிறுத்தப் பார்ப்பார். மணிக்கட்டு உடைவது அப்படி ஊன்றும்போதுதான். “கையை விடுங்க சார்” என்றால், “கன்ட்ரோல் போயிடுதேப்பா” என்பார். போகட்டும் சார், அதற்குத்தானே மேட்!

ஐடி கார்டைக் கழற்றிவிட்டுத்தான் மேட்டில் ஏற வேண்டும் என்று விதி வைத்தேன். கயிறு கழுத்தை இறுக்கும் என்பது காரணம். வெளியே சொன்ன காரணம், அவ்வளவுதான். ஒருநாள் மேனேஜர் முழுசாக உருண்டு எழுந்தார்; கணக்குப் பிரிவுப் பெரியவர் கைதட்ட, எல்கேஜி பிள்ளைபோல் சிரித்தார். மறுநாள் என் லீவ் லெட்டரைத் திருப்பி அனுப்பினார். ஐக்கிடோ மனிதரை மாற்றும் என்பதெல்லாம் மேட்டின் ஓரம்வரைக்கும்தான்.

கே: ஐக்கிடோவும் நம் போதிதர்மர் கொண்டுபோனதுதானே? (கீரமங்கலம் வாசகர்)

ப: போதிதர்மர் கணக்கில் ஏற்கெனவே நிறைய வரவு வைத்துவிட்டோம்; 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்ததும் வட்டியும் சேர்ந்துவிட்டது. ஷாவோலின் சண்டைக் கலையே அவரிடமிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. ஐக்கிடோவுக்கு அவ்வளவு வயதும் இல்லை. ஐந்தடியைச் சற்றே தாண்டிய மொரிஹெய் உயெஷிபா (1883–1969) என்பவர், 1915இல் ஹொக்கைடோ தீவில் தகேதா சொகாகுவைச் சந்தித்து ஜுஜுத்ஸு கற்று, பிறகு தன் போக்கில் மாற்றியமைத்தது. ஐக்கிடோ என்ற பெயர் நிலைத்தது 1942இல். இங்கே ‘வெள்ளையனே வெளியேறு’ நடந்த வருடம்.

கே: வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு கலையைக் காப்பாற்ற முடியுமா? (புதுக்கோட்டை வாசகி)

ப: உயெஷிபாவின் மகன் கிஷோமருவைக் கேளுங்கள். மாணவப் பருவத்திலேயே டோக்கியோ பயிற்சிக்கூடம் அவர் பொறுப்புக்கு வந்தது. போர் முடிந்தபோது குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் அந்தக் கூடத்தில் குடியிருந்தன. கற்றுக்கொள்ள ஆளில்லை, வருமானமும் இல்லை. பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். காலையும் மாலையும் வகுப்பு, நடுவில் ஆபீஸ். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டினார். எங்கள் கேன்டீன் அவர் வம்சம்தான் என்று நானாகச் சொல்லிக்கொள்வேன்.

கே: கத்தியோடு நாலு பேர் மறித்தால்? (கறம்பக்குடி வாசகர்)

ப: பர்ஸைக் கொடுங்கள். போன் கேட்டால் போனையும் கொடுங்கள். பிறகு பி.டி. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த கலையைப் பயன்படுத்துங்கள்: ஓட்டம்.

கே: வன்னியன்விடுதி வாடிவாசலில் உங்கள் ஐக்கிடோ எடுபடுமா? (பெயரைப் போட வேண்டாம் என்ற மாடுபிடி வீரர்)

ப: தம்பி, மாடு ஒத்துழைக்க வரவில்லை! எங்கள் வகுப்பில் எந்தக் கையை எப்படிப் பிடிக்கப்போகிறார்கள் என்று முன்னமே தெரியும். எல்லாம் பேசிவைத்த சண்டை என்று கேலி செய்கிறார்கள், பாதி நியாயம்தான். வருகிற விசையை எதிர்க்காதே, அதோடு சேர்ந்து திரும்பு என்பது எங்கள் முதல் பாடம். திமிலைத் தழுவி மாட்டோடு சேர்ந்து துள்ளுகிற உனக்கு அதை நான் சொல்வதா? உருளுவதற்கு மட்டும் வா, சொல்லித்தருகிறேன்.

கே: பையன் சேர்ந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா? (கொத்தமங்கலம் வாசகர்)

ப: தொமிகி என்ற ஒரு பிரிவினரைத் தவிர ஐக்கிடோவில் பெரும்பாலும் போட்டியே வைப்பதில்லை. போட்டி இல்லை, மெடல் இல்லை, கோட்டாவும் இல்லை. சிலம்பத்தில் சேருங்கள், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பிடித்தது.

கே: ஆலங்குடியில் எப்போது வகுப்பு? (ஆலங்குடி வாசகர்)

ப: அவசரமென்றால் ஆரோவில் போங்கள், அங்கே ஐக்கிடோ நடக்கிறது. இங்கே தேவை ஒரு கூடம். கல்யாண மண்டபங்கள் ஆடியிலும் மார்கழியிலும் சும்மாதானே கிடக்கின்றன? மண்டப முதலாளி யாராவது இதைப் படித்தால் சாவியோடு வரவும். மற்றவர்கள் நகத்தை வெட்டிக்கொண்டு வந்தால் போதும். ஜமுக்காளம் வேண்டாம், வழுக்கும்.