விரும்பியதை டிக் செய்யவும்

அக்கா மகளுக்கு பி.இ. இடம் கிடைத்துவிட்டது. கட் ஆஃப் பட்டியலை ஜாதகக் கட்டத்தைவிடக் கவனமாகப் புரட்டி, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து, நாற்பது கல்லூரிகளை வரிசைப்படுத்தி வாங்கிய இடம். சேரப் போன அன்று இன்னொரு தாளைக் கையில் கொடுத்தார்கள். மேலே 'விடுதித் தேர்வு' என்று போட்டிருந்தது. கீழே ஐந்து கட்டங்கள். ஏ.சி.யும் இணைப்புக் குளியலறையும் உள்ள இருவர் அறையில் தொடங்கி, மின்விசிறியும் பொதுக் குளியலறையும் உள்ள அறுவர் அறையில் முடிந்தது. 'விரும்பியதை டிக் செய்யவும்.'

அக்கா பேனாவை எடுத்து நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனாள். முதல் நான்கும் அவள் கண்ணில் படவே இல்லை. தையல் மிஷினை மிதித்துச் சம்பாதிக்கிறவளுக்கு அந்தப் பார்வை பழக்கம். ஓட்டலில் மெனு கார்டையும் அவள் வலப்பக்கத்திலிருந்துதான் படிப்பாள்.

"சிக்ஸ் ஷேரிங்கா? யோசிச்சுக்குங்க மேடம். அங்க படிப்பு ஏறாது" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர், பத்தியம் சொல்லும் வைத்தியர் மாதிரி. படிப்பு ஏறாத அறையை ஒரு கல்விக்கூடம் எதற்காகக் கட்டி, வெள்ளையடித்து, காசும் வாங்குகிறது என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளை நாலு வருஷம் அங்கே இருக்க வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன். பெற்றோரும் மாமன்மாரும் இப்படி விழுங்கிய கேள்விகளின் மேல்தான் அந்த ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது.

அறையைப் பார்க்கலாமா என்று கேட்டோம். தாராளமாக என்று கூட்டிப் போனார்கள். மாதிரி அறை. மெத்தை உறைகூடப் பிரிக்கப்படவில்லை; மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. எங்களுடைய அறுவர் அறை இருக்கும் மாடியைப் பார்க்க முடியுமா என்றேன். "அங்க இப்ப க்ளீனிங் நடக்குது சார்." ஜவுளிக்கடையில் நூறு ரூபாய் துண்டைக்கூடப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை நாம் பிரிக்காமலே வாங்கி வருகிறோம்.

ரசீதில் முன்பணம் இருந்தது, மெஸ் கட்டணம் இருந்தது, 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்று ஒன்றும் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் உண்டு சார்." கேள்வி எதற்கு என்பது, பதில் யாருக்கு என்பது. அந்த மனிதர் அரசியலுக்கு வந்தால் நன்றாக வருவார்.

பிறகு விதிமுறைப் புத்தகம். பையன்கள் ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும். பெண்கள் ஆறரைக்குள். வெளியே போக அவுட்பாஸ், அவுட்பாஸுக்கு வார்டன் கையெழுத்து, கையெழுத்துக்கு வீட்டிலிருந்து போன். வாக்காளர் அட்டை வாங்கிவிட்ட பெண், மாநிலத்துக்கு யார் முதல்வர் என்று தீர்மானிக்கலாம். நாப்கின் வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போக அம்மாவிடமிருந்து போன் வர வேண்டும்.

இதற்கு விஞ்ஞான ஆதாரம் கேட்பவர்கள் கேரளத்துக்குப் போகலாம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022-இல், இரவு 9.30-க்குத் தங்களை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டும் விதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் சொன்ன பதிலைச் சட்டம் போட்டு மாட்டலாம். விடுதி என்பது இரவு வாழ்க்கைக்கான சுற்றுலா விடுதி இல்லையாம். மனித மூளை 25 வயதில்தான் முழு முதிர்ச்சி அடைகிறதாம். அந்த முதிராத மூளையோடுதான் இந்தப் பெண்கள் பிணத்தை அறுத்து உடற்கூறு படிக்கிறார்கள், பிரசவ வார்டில் நிற்கிறார்கள். பல்கலைக்கழகம் இதைச் சொன்ன நாளில் அந்த மாநிலத் தலைநகரின் மேயர் ஆர்யா ராஜேந்திரன். 2020-இல் கல்லூரி மாணவியாக இருக்கும்போதே, 21 வயதில் பதவி ஏற்றவர். மாநகராட்சியை நடத்தப் போதுமான மூளை, விடுதி கேட்டைத் தாண்டப் போதவில்லை. தொல்லை ஆண்களால் என்றால் ஆண்களைப் பூட்டிவைக்கலாமே என்று நீதிபதி கேட்டார். கடைசியில் இருபாலருக்கும் ஒரே விதி என்று அரசு ஆணை போட்டது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்பதரை ஒன்பதரையாகவே நின்றது. ஆறரைக்குக் கதவடைக்கும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அடுத்த தாள், ராகிங் உறுதிமொழி. பிள்ளை ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. இந்தத் தாளின் வரலாறு ரத்தத்தில் எழுதியது. அதனால்தானோ என்னவோ யாரும் படிப்பதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசுவை ஒரு சீனியர் கொன்றார். நாவரசுவின் அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளை செத்த பிறகு, 1997-இல் தமிழ்நாட்டுக்குச் சட்டம் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களைக் கூடியவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்று 2009-இல் யுஜிசி விதி செய்தது. 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூரில், வகுப்பு தொடங்கிச் சில நாள்கூட ஆகாத ஒரு முதலாண்டு மாணவன் விடுதி மாடியிலிருந்து விழுந்து செத்தான். அவன் இருந்தது சீனியர்களோடு. புதியவர்களை வேறு விடுதிக்கு மாற்றியது அதற்குப் பிறகு. விதிக்கும் மாற்றத்துக்கும் நடுவே பதினான்கு வருஷம், ஒரு பிணம்.

நாங்கள் கையெழுத்துப் போட்டோம். பதிலுக்கு, உங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று கல்லூரி எழுதித் தரும் தாள் எங்கே என்று தேடினேன். அப்படி ஒரு தாள் அச்சடிக்கப்படவே இல்லை.

மெஸ் பற்றிச் சாம்பாரில் தண்ணீர், போண்டாவில் பல்லி என்று எழுதுவது வழக்கம். அது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுவோம். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி குருகுலம் நினைவிருக்கிறதா? வ.வே.சு. ஐயர் நடத்தியது, காங்கிரஸ் பணமும் போனது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். பெரியார் காங்கிரஸைவிட்டே போனார். இந்த மாநிலத்தின் அரசியலில் பாதி ஒரு விடுதிப் பந்தியிலிருந்து எழுந்து வந்தது. அப்பேர்ப்பட்ட மண்ணில், 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல், கை கழுவவும் தனித்தனி இடம் என்று காகிதம் ஒட்டியிருந்தது. கேட்டதும் கிழித்தார்கள், ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்றார்கள். சேரன்மாதேவியில் அந்த வசதி இல்லாமல் போயிற்று, பாவம், ஐயர். 2023-இல் மும்பை ஐஐடி இன்னும் துணிந்தது. ஆறு மேசைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியது. அந்த மேசையில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். தேர்வுப் படிவத்தில் இந்தக் கட்டத்தை ஏன் அச்சடிப்பதில்லை? 'தாங்கள் யாருக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியானவர்? டிக் செய்யவும்.'

வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு அப்பாவும் பையனும். கள்ளக்குறிச்சிப் பக்கம். அந்த அப்பா தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறும் வெள்ளை. "ஐயா, இங்க கிட்டத்துல கவர்மெண்ட் ஆஸ்டல் எங்க இருக்குதுங்க?" மேசைக்காரருக்குத் தெரியவில்லை. காபி ஷாப் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது, தரைத்தளத்தில்.

தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். 2025 கணக்குப்படி தமிழ்நாட்டில் அரசு நடத்தும் மாணவர் விடுதிகள் 2,739. அவற்றில் 1,79,568 பிள்ளைகள். 2025 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் இவை எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டினார். ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று சாதியைப் பலகையில் எழுதிவைத்திருந்ததை அழித்தது நல்ல காரியம். அதைப் பழிக்க மாட்டேன். பலகைக்கு உள்ளே போவோம். கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023-இல் பெரிய மனது வைத்து 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 16 ரூபாய் 66 காசு. நாங்கள் சேரப் போன கல்லூரி வாசலில் ஒரு டீ 15 ரூபாய். மிச்சம் இருக்கும் ஒரு ரூபாய் 66 காசில் பையன் நீதியை வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்து கட்டத் தாளை நீட்டி 'விரும்பியதை' என்று கேட்டவர்களிடம்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவர்கள் வியாபாரிகள், விலைப்பட்டியல் வைக்கிறார்கள். இந்த 16 ரூபாய் 66 காசைக் கணக்குப் போட்டு, கோப்பில் கையெழுத்திட்டு, அன்று மதியம் வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றிச் சாப்பிட்ட கைகள்மேல்தான் கோபம்.

அந்தப் பையன் எந்தக் கட்டத்திலும் டிக் செய்யவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு வெயிலில் இறங்கிப் போனான்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு சமூகநீதி விடுதி இருக்கும். முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பலகையைப் பார்க்க வேண்டாம். தட்டைப் பாருங்கள், பிறகு குழாயைத் திறந்து பாருங்கள்.