வண்டி என்ன குடுக்குது? குடும்பக் கார்களின் வாய் மைலேஜ் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் புதுக் கார் வாங்கியவரிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எவ்வளவு ஆச்சு? லோனா, ரொக்கமா? வண்டி என்ன குடுக்குது? முதல் கேள்விக்குக் கொஞ்சம் குறைத்தும், இரண்டாவதற்கு மழுப்பியும் பதில் சொல்வது மரபு. மூன்றாவதற்கு மட்டும் கார்க்காரர் நிமிர்ந்து நிற்கிறார். கண்ணை ஒரு கணம் மூடித் திறக்கிறார். “சிட்டில பதினாலு, ஹைவேல பத்தொம்பது” என்கிறார். இந்தப் பதினாலும் பத்தொன்பதும் எங்கிருந்து வருகின்றன என்பதே இவ்வாய்வின் பொருள். பெட்ரோல் டாங்க்கிலிருந்து வருகின்றன என்பது உலக வழக்கு. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் வரலாறு கார்களுக்கு முந்தியது. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, ‘பெட்ரோலை ஊற்று, மூடியைப் போடு, மறந்துவிடு’ என்ற பொருளில் விளம்பரம் செய்து ஒரு தலைமுறையையே கெடுத்துவிட்டது. லிட்டருக்கு அறுபது, எழுபது என்று பைக்கில் பார்த்துப் பழகியவர் காருக்கு மாறும்போது, காரும் ஒரு பெரிய பைக்தான் என்ற நினைப்பிலேயே மாறுகிறார். பின்னாளில் மாருதி நிறுவனம் ‘கித்னா தேத்தி ஹை’ என்று இந்தியில் கேட்டு ஒரு விளம்பர வரிசையே எடுத்தது. எதைக் காட்டினாலும் இந்தியன் ‘என்ன குடுக்கும்’ என்றுதான் கேட்பான் என்பது அதன் நகைச்சுவை. நகைச்சுவை என்று சொன்னது விளம்பரக்காரர்கள். பார்த்தவர்கள் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வகைமை

குடும்பக் காரின் மைலேஜ் நால்வகைப்படும்: கம்பெனி மைலேஜ், மீட்டர் மைலேஜ், டாங்க் மைலேஜ், வாய் மைலேஜ். ஒரே கார், ஒரே நாளில், இந்த நான்கிலும் வெவ்வேறு எண்ணைக் காட்டலாம். அதில் முரண் ஏதுமில்லை. முதல் மூன்றும் அளக்கப்படுவன. நான்காவது அருளப்படுவது.

கம்பெனி மைலேஜ் பிறக்கும் இடம் ஓர் அறை. புனேயில் 1966-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களில் (நம் ஒரகடத்திலும் ஒரு சோதனை மையம் உண்டு) காரை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்பே வகுத்து வைத்தபடி ஏறியும் இறங்கியும், இருபது நிமிடத்துக்குள் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ‘ஓடி’ முடிக்கிறது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி கிடையாது. பின்சீட்டில் மாமியார் கிடையாது. டிக்கியில் ஊரிலிருந்து ஏற்றிய அரிசி மூட்டையும் இரண்டு பலாப்பழமும் கிடையாது. எதிர்த்திசையில் வரும் ஷேர் ஆட்டோவுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை.

எரிந்த பெட்ரோலைக்கூட அங்கே லிட்டர் போட்டு அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வருவதைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனைக் கணக்கிட்டு, இவ்வளவு கார்பன் வெளியே வந்தால் இவ்வளவு பெட்ரோல் உள்ளே எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போகிறார்கள். ஏப்பத்தை வைத்துச் சாப்பாட்டை அளப்பது மாதிரிதான். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும் என்பதால் இது கெட்டியான கணக்கு. ஆகவே கம்பெனி மைலேஜைப் பொய் என்று ஏசுவது ஆய்வு நெறியாகாது. எல்லாக் கார்களுக்கும் ஒரே வினாத்தாள். ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். அந்த அறையிலேயே குடியிருப்பவருக்கு அது முழு உண்மையும்கூட.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் சோதனைக்கு மூலமான பழைய ஐரோப்பியச் சோதனையிலும் இதே கதை. ஏட்டிலிருந்த எண்ணுக்கும் சாலையில் குடித்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி 2001-ல் 9 சதவீதம், 2015-ல் 42 சதவீதம் என்று ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. 2017-ல் கடினமான புதிய சோதனை வந்தது. அதன் பிறகும் சாலையில் ஓடும் கார்களே பதிந்து சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகத்தான் குடிக்கின்றன. முனிச்சிலும் ஒருவர் பங்க்கில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார் என்பது ஒரு ஆறுதல்.

அறையை விட்டு வெளியே வருவோம். பொங்கலுக்கு முந்தைய இரவு, பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை. கார் நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, குழந்தைக்கு வேர்க்கிறது என்பதால் ஏசியும் ஓடுகிறது. நிற்கும் சிறிய கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி போட்டால் அது ஒரு லிட்டரை நெருங்கும். அந்த நேரத்து மைலேஜ் லிட்டருக்குப் பூஜ்யம். இதை எந்தக் கார்க்காரரும் சராசரியில் சேர்ப்பதில்லை. அது டிராஃபிக்கின் கணக்கில் எழுதப்படுகிறது. பிறகு திண்டிவனம் தாண்டியதும், போன நேரத்தைப் பிடிக்க மிதிக்கிறார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எண்பதில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று, நூற்றுப்பத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக அடிக்கிறது. மேலே கேரியரில் சூட்கேஸ் இருந்தால் சொல்ல வேண்டாம். இவ்வளவும் ஆன பின் திருச்சியில் இறங்கி, “ஹைவேல பத்தொம்பது” என்கிறார். ஏதோ ஒரு ஹைவேயில் யாருக்கோ கிடைத்திருக்கும்.

டாங்க் மைலேஜும் ரவுண்டு கோட்பாடும்

உண்மையை அறிய வேண்டும் என்ற தாகம் உள்ளவர்கள் கைக்கொள்வது ‘டாங்க் டு டாங்க்’ முறை. டாங்க்கை ரொப்பு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு, ஓட்டு, மறுபடி ரொப்பு, வகு. பார்க்க எளியது. இதில் உள்ள ஓட்டையை விரித்துரைப்பது அவசியம்.

பெட்ரோல் போடும் கன்னின் மூக்கு நுனியில் சிறு துளை ஒன்று உண்டு. பெட்ரோல் நுரைத்து ஏறி அந்தத் துளையை மூடியதும், உள்ளே காற்று போவது தடைபட்டு, ‘டக்’ என்று கன் நின்றுவிடும். டாங்க் நிறைந்தது என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அடையாளம் இந்த டக் மட்டுமே. ஆனால் இந்த டக், பெட்ரோல் பாயும் வேகத்தைப் பொறுத்தது, நுரையைப் பொறுத்தது, கார் நிற்கும் தரை சாய்வாக இருந்தால் அதையும் பொறுத்தது. அது போதாதென்று, டக் கேட்ட மறுநொடி பங்க் பையன் திரும்பிப் பார்த்து, “சார், ரவுண்ட் பண்ணிடவா?” என்கிறான்.

ஆய்வு சாய்வது இந்த இடத்தில்தான். கணக்குக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டக் ஆனது 2,043 ரூபாயில், அதாவது 20.43 லிட்டரில். ஓடியது 340 கிலோமீட்டர். மைலேஜ் 16.6. ரவுண்டாக 2,100-க்குப் போட்டால் 21 லிட்டர், மைலேஜ் 16.2. பையில் சில்லறை இருந்ததா இல்லையா என்பதற்காக, அதே கார், அதே சாலை, அரைக் கிலோமீட்டர் கீழே இறங்கிவிட்டது. ஜி.பே. வந்த பிறகு சில்லறைத் தொல்லை இல்லை. ரவுண்டு மட்டும் போகவில்லை. இப்படி வம்பாக நிரப்புவது, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டியை நனைத்துக் கெடுக்கவும் கூடும். பையனிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

பங்க்கில் வழங்கும் உபகோட்பாடுகள் பல. ஐநூறுக்குப் போடாமல் ஐநூற்றுப்பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது ஒன்று. அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்பவரைவிட ஐநூற்றுப்பத்து கேட்பவரே மிகுதி. விடியற்காலையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் லாபம் என்பது இன்னொன்று. பெட்ரோல் வெயிலில் விரிவது உண்மை, பத்து டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம். ஆனால் அது இருப்பது மண்ணுக்கடியில். அங்கே காலையும் இல்லை, மாலையும் இல்லை.

மீட்டர் மைலேஜுக்கு ஒரு பத்தி போதும். டேஷ்போர்டில் ஒளிரும் எண் அது. இன்ஜின் தான் பீய்ச்சிய பெட்ரோலைத் தானே கணக்கிட்டுச் சொல்லிக்கொள்வது. டாங்க் கணக்கைவிடச் சற்று தாராளமாக இருப்பதே பெரும்பாலும் வழக்கம். வாட்ஸப் குழுக்களில் வரும் ‘29.4’ வகைப் படங்கள் எல்லாம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது எடுத்தவை. ஏறும்போது யாரும் படம் எடுப்பதில்லை.

இறக்கம் என்றதும் இரு மரபினரின் பூசலைச் சொல்லாமல் போகலாகாது. நியூட்ரல் மரபினர், மலை இறங்கும்போது கியரை எடுத்துவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்பர். கியர் மரபினர் அதை மறுப்பர். வென்றவர் இரண்டாமவரே. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. பரவியபின், கியரில் இறங்கும் கார் காலை எடுத்ததும் பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. சாவியையே அணைத்துவிடும் தீவிரவாதப் பிரிவு ஒன்றும் உண்டு. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் சில மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பிரிவினரோடு வாதாட நேரமிருக்காது.

அண்மையில் இந்தத் துறைக்குக் கிடைத்த பெருங்கொடை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், அதற்கென அமைக்கப்படாத கார் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் இழக்கும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிவிட்டது. பதினாறு கொடுத்த வண்டி பதினைந்து கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் வழக்கில், பதினாறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கிய வண்டிக்கும் காரணம் எத்தனால்தான். டயரில் காற்று பத்து புள்ளி குறைந்திருப்பது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது, பையன் புதிதாக லைசன்ஸ் எடுத்திருப்பது எல்லாம் விசாரணையின்றி விடுதலை. மைலேஜ் குறைந்தால் எத்தனால். கூடினால் ஓட்டுகிறவர் கை.

கேட்பவர் விதி

இனி வாய் மைலேஜ். இதுவரை சொன்ன காற்று, ஏசி, எத்தனால் எதுவும் இதைத் தொடுவதில்லை. வாய் மைலேஜை நிர்ணயிப்பது ஒன்றே: கேட்பவர் யார்?

அலுவலகத்தில் போட்டிக் கம்பெனிக் கார் வாங்கிய சகா கேட்டால், அது உச்சத்தைத் தொடும். மெக்கானிக்கிடம் சொல்லும்போது, டாக்டரிடம் பசியைச் சொல்வதுபோல் தரையோடு தரையாகும், “பிக்கப்பே இல்லண்ணே, பத்துகூட வரல.” வேறு வண்டி எடுக்கலாம் என்று சொல்லியும் கேட்காமல் எடுத்த வண்டி என்றால், மனைவி முன்னிலையில் இரண்டு கூடும். அதே மனைவி, “அப்ப ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வீட்டுக்குக் கார்லயே போயிடலாமா?” என்றால் மூன்று குறையும்.

மிகத் தெளிவான சான்று கார் இரவல் கேட்கப்படும் தருணம்.

“சித்தப்பா, வண்டி என்ன குடுக்குது?”

“ஏன்டா, நல்லாத்தான் குடுக்குது. பதினெட்டுக்குக் கொறையாது.”

“இல்ல, ஃப்ரெண்டு கல்யாணம், தஞ்சாவூர் வரைக்கும்...”

“பதினெட்டுன்னா, அது எப்பவோ. இப்ப குடிக்குதுடா. சர்வீசுக்கு விடணும்.”

இரண்டு வாக்கியங்களுக்கிடையே கார் ஷெட்டைவிட்டு நகரவேயில்லை என்பது நோக்கத்தக்கது.

ஏன் இப்படி? நாம் மதிப்பது பெட்ரோலை அல்ல, எண்ணை. 2008-ல் லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் இதைக் காட்டினார்கள். நம் கணக்கில் சொன்னால்: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் 20-லிருந்து 25-க்கு உயர்ந்தால் மிச்சம் 10 லிட்டர். 10-லிருந்து வெறும் 12-க்கு உயர்ந்தால் மிச்சம் ஏறத்தாழ 17 லிட்டர். ஆனால் டீக்கடையில் ‘இருபத்தஞ்சு’ என்று சொன்னவருக்குத்தான் மரியாதை. ‘பன்னெண்டு’ என்றவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று ஐரோப்பியர் கணக்கிடுவதுபோல் நாமும் கணக்கிட்டால் இந்த மயக்கம் தீரும். அப்படிச் செய்தால் எண் சிறிதாக இருந்தால்தான் பெருமை என்றாகிவிடும். சிறிய எண்ணை நிமிர்ந்து நின்று எப்படிச் சொல்வது?

கேட்பவர் விதிக்கு இறுதி நிரூபணம் செகண்ட் ஹாண்டு விற்பனை. விற்பவர் “பதினெட்டு” என்பார். வாங்க வந்தவர் அழைத்து வந்த மெக்கானிக், பானெட்டைத் திறந்து பார்த்து, “பன்னெண்டு குடுத்தா பெரிய விஷயம்” என்பார். ஒரே கார், ஒரே வெயில், ஒரே வேப்பமரத்தடி. பேரம் முடிந்து படிவம் 29-லும் 30-லும் கையெழுத்தாகிறது. மறுமாதம் புதுச் சொந்தக்காரரின் மச்சான் வீட்டுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, டயரை ஒரு உதை உதைத்து, “என்ன மாமா குடுக்குது?” என்கிறார். பதினெட்டு.