சுவர்வழிக் கேள்வியியல்: ஒரு முன்னாய்வு

வள்ளுவர் கேள்விக்கென்று 42-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிப் பத்துக் குறள் பாடினார். பக்கத்து வீட்டிலிருந்து வந்து விழும் கேள்வியைப் பற்றி அதில் ஒன்றுகூட இல்லை. பரிமேலழகரும் கண்டுகொள்ளவில்லை. இருவருக்கும் தனி வீடு இருந்திருக்கும் என்று எண்ணுவதைத் தவிர வேறு சமாதானம் கிடைக்கவில்லை. விட்டுப்போன அந்த இடத்தை நிரப்பவே இந்த ஆய்வு. களம்: நங்கநல்லூரில் மூன்று மாடி, பன்னிரண்டு குடித்தனம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடம். கருவி: காது.

கருதுகோள் இதுதான். பக்கத்து வீட்டு ஒலி எப்போது தொல்லையாகிறது? கேட்பவருக்குக் கதை பிடிபடாதபோது. டெசிபலுக்கு இதில் இரண்டாம் இடம்தான்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று கோடு போட்டிருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அளவை 10 டெசிபலாவது தாண்டினால் புகார் கொடுக்கலாம். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் டெசிபல் மடக்கைக் கணக்கு. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. பக்கத்து வீட்டுக்காரர் பத்து மடங்கு கெட்டுப்போகும்வரை பொறுத்திரு என்று சட்டம் சொல்வதாக ஆய்வாளர் பொருள் கொள்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்வீட்டு மாமி விடிகாலை ஐந்து மணிக்கு வைக்கும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் (இசைத்தட்டு வெளிவந்தது 1963-இல்) சட்டப்படி இரவு நேரத்து ஒலி. பன்னிரண்டு குடித்தனத்தில் ஒருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

இனி இயற்பியல். கனமான சுவர் அதிகம் தடுக்கும். மெல்லிய சுவர் விட்டுக்கொடுக்கும். உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைச் சுவர் நன்றாக மடக்கிவிடும், தாழ்ந்தவை நழுவிவிடும். பேச்சில் ச, த, ப போன்ற மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்ணில் இருக்கிறது. உயிரொலிகளின் வலு கீழே. ஆகவே ஒன்பது அங்குலப் பொதுச்சுவரைக் கடந்து வருவது உயிர் மட்டுமே. மெய் அந்தப் பக்கமே தங்கிவிடும். பக்கத்து வீட்டைப் பற்றி மாடிப்படியில் புழங்கும் செய்திகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

தட்டை டிவி வந்தபின் நிலைமை முற்றியது. அதன் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும், மாட்டுவதோ பொதுச்சுவரில். பார்ப்பவரிடம் பேசுவதற்குமுன் அது சுவரிடம் பேசிவிடுகிறது. மாமியார் அதிர்ச்சியடையும் முகத்தை மூன்று முறை காட்டும்போது இந்தப் பக்கம் மூன்று ‘டும்’ விழும். பழகிய காது அதைக் கொண்டே மருமகள் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று கணித்துவிடும்.

(இரண்டாம் மாடி சிவில் இன்ஜினியர் இதை மறுக்கிறார். சென்னையில் சத்தம் சுவர் வழியாக வருவதில்லை, ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, சாத்தினால் நின்றுவிடும் என்பது அவர் வாதம். காற்றும் நின்றுவிடும் என்பதால் அவ்வாதம் பரிசீலிக்கப்படவில்லை.)

வரலாற்றுக்கு வருவோம். ஒண்டுக்குடித்தனக் காலத்தில் இந்தத் துறைக்கே வேலையில்லை. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ வந்தால், டிவி இருக்கும் ஒரே வீட்டுக் கூடத்தில் எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். 1993-இல் சன் டிவி வந்தது; பிறகு வீட்டுக்கு ஒரு டிவி வந்தது; கூடம் பிரிந்தது, ஒலி மட்டும் கூட்டுக்குடும்பமாகவே இருந்தது. பெயரிலேயே ஒலியை வைத்துக்கொண்டு 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’ இதற்குச் சான்று. அந்த நேரத்தில் தெருவில் நடந்தவருக்கு நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய முகப்புப் பாடல் வீடு மாறிற்றே தவிர அறுபடவில்லை. 2003-இல் தொடங்கி 2009 வரை 1533 பகுதிகள் போன ‘கோலங்கள்’ ஆரம்பித்தபோது பிறந்த குழந்தை, அது முடியும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

இலக்கியச் சான்றும் இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் ‘சிறைப்புறம்’ என்று ஒன்று வரும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பான். அது தெரிந்தே தோழி, தலைவியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழப் பேசுவாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பது உட்பொருள். இதே கட்டடத்தின் பால்கனியில், “நாளைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை இல்லடா?” என்று ஒரு தாய் பக்கத்திலேயே நிற்கும் மகனிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னால், அது மகனுக்குச் சொன்னதல்ல. மாடியில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருக்கும் பையன்தான் சிறைப்புறத்தான். சங்கத் தலைவனைவிட இவனுக்குச் சூட்சுமம் குறைவு, ஒலியைக் கூட்டினான்.

இனி, இந்த ஆய்வின் முதன்மைச் சான்று. முதல் மாடியில் தபால்துறையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இசையில் கறார்: 1976-இல் ‘அன்னக்கிளி’ வரும்வரை எம்.எஸ்.வி., அதன்பின் ராஜா, 1992-இல் ‘ரோஜா’ வந்ததும் பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டதாக அவரே சொல்வார். சீரியல் பார்ப்பவர்களைக் கண்டால் ஆகாது. அவருடைய சுவரின் மறுபக்கம் ஓர் ஆசிரியை வீடு. ஆசிரியையின் மாமியாருக்குக் காது மந்தம். 2023-இல் இரவு 9.30 ஆனால் ‘எதிர்நீச்சல்’ தொடர் முழு ஒலியில் வைக்கப்படும். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து ஓர் அதட்டல் போட்டால் பெரியவர் வீட்டு நாட்காட்டி ஆடும். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு மனு தயாரானது. ‘பொருள்: தொலைக்காட்சியின் ஒலி அளவைக் குறைக்குமாறு வேண்டுதல்.’ விதி எண்ணெல்லாம் போட்டிருந்தார். தொடர் பத்து மணிக்கு, இரவு வரம்பு தொடங்கும்போது, சரியாக முடிந்துவிடுவதால் கடைசிப் பத்தியில் கொஞ்சம் தடுமாற்றம்.

2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நிலைகுலைந்த மாரிமுத்து இறந்துபோனார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். சில நாள் கழித்துப் படியில் ஆசிரியையைப் பெரியவர் நிறுத்தினார்.

“என்னம்மா, குணசேகரன் குரல் மாறிடுச்சு போலிருக்கே? நேத்து அந்தச் சின்னப் பொண்ணு வீட்டவிட்டுப் போனாளா இல்லியா?”

“சார், நீங்க சீரியலே பாக்கறதில்லைன்னு சொல்வீங்களே?”

“பாக்கறதில்லம்மா. கேக்கறேன்.”

ஆசிரியைக்குச் சங்கடமாகிவிட்டது. தம்பியிடம் சொல்லி மாமியாருக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தார். சுவர் அடங்கியது. அதற்கடுத்த வாரத்தில் பெரியவர் மூன்று முறை இரவு 9.30-க்குச் சர்க்கரை கேட்டு ஆசிரியை வீட்டுக்குப் போனதாகக் களக்குறிப்பு சொல்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய். நான்காவது முறை, காது அரிக்கிறது என்று பாட்டியே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார்.

மனு இன்னும் பெரியவரின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பொருள் வரியில் ‘குறைக்குமாறு’ என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறார்; பதிலுக்கு என்ன எழுதுவதென்று முடிவாகவில்லை.