கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாமலிருக்க ஆறு வழிகள்

7 அடிக் கதவு, 3 கீல், ஒவ்வொன்றும் 4 அங்குலம். பட்டறையில் மார்க்கிங் கேஜ் என்றொரு சாமான் இருக்கும்: மரத்தண்டு, அதில் நகரும் கட்டை, இறுக்க ஒரு திருகு, தண்டின் நுனியில் ஓர் ஆணி. அதைக் கையில் வைத்துக்கொண்டே, கீல் உட்காரும் பள்ளத்தைக் குறிக்கும் காரியத்தைக் கெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

1. கீலை டேப்பால் அளந்து, அந்த எண்ணுக்குக் கேஜை வையுங்கள். கீலையே கேஜில் பொருத்தி, இதழின் ஓரத்திலிருந்து நடுக்கம்பியின் மையம் வரை ஆணியை நகர்த்தினால் எண்ணே தேவைப்படாது. எண் இல்லாமல் தப்பு எங்கிருந்து வரும்?

2. கதவில் கோடு போட்டதும் திருகைத் தளர்த்திவிடுங்கள். நிலைக்குக் குறிக்கும்போது ஞாபகத்திலிருந்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஒரே வைப்பில் இரண்டுக்கும் கோடிழுப்பவர்கள் சுவாரசியமில்லாத மனிதர்கள்.

3. இதழின் கனத்துக்கென்று தனியாக இன்னொரு கேஜ் வைத்திருப்பார்கள், பழைய ஆட்கள். நமக்கு ஒன்று போதும். திருகத்தான் கை இருக்கிறதே.

4. ஆணியைச் செங்குத்தாக ஊன்றி ஒரே மூச்சில் அழுத்தி இழுங்கள். மரத்தின் நார் போகும் பக்கமெல்லாம் கோடும் போகும். தண்டைச் சற்றே சாய்த்து, ஆணி பின்னால் இழுபட, கட்டையைக் கதவோடு அணைத்தபடி இரண்டு மூன்று முறை மெல்லத் தள்ளினால் மயிரிழை போல் கீறல் விழும். உளி அதில் தானே போய் உட்காரும். அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?

5. மேல், கீழ் எல்லைகளை மழுங்கின பென்சிலால் போடுங்கள். கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா, நடுவிலா என்று உளி யோசிக்கட்டும். கீலை வைத்துக் கத்தியால் கீறினால் அந்த யோசனைக்கு வழியில்லை.

6. ஆழத்துக்குக் கண்மட்டம் போதும். பள்ளம் அதிகமானால் கதவு மூடுமுன் நிலையில் முட்டித் திமிறும். நாளடைவில் திருகாணிகள் பிடுங்கிக்கொள்ளும். குறைந்தால் பல்லி வந்துபோக இடுக்கு கிடைக்கும்.

பள்ளம் ஆழமாகிவிட்டதா? கவலை வேண்டாம். தடித்த கல்யாணப் பத்திரிகையை நறுக்கிக் கீலுக்கடியில் கொடுங்கள். எங்கள் கொல்லைக்கதவில் மூன்று கீலுக்கடியிலும் மூன்று கல்யாணம். திறக்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் முனகும். யாருடையது என்று சொல்லமாட்டேன்.