4.3 வாங்கியவனின் தகப்பன் எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு தகப்பன், போர்ட் கிள்ளான்.
பெறுநர்: பல்கலைக்கழக நுழைவு மையப் பிரிவு (யூ.பி.யூ.), உயர்கல்வி அமைச்சு, புத்ராஜெயா.
பொருள்: சுமாராகப் படித்துத் தொலைத்த ஒரு பையனை என்ன செய்வது என்பது தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய மெரிட் கணினி அவர்களுக்கு,

அதிகாரிகளை விட்டுவிட்டு நேராகத் தங்களுக்கே எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரைக் கேட்டாலும் "கணினிதான் முடிவு செய்கிறது" என்கிறார்கள். முடிவு செய்கிறவரிடம் பேசுவதுதானே முறை?

என் மகன் 2024-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதினான். 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி முடிவு வந்தது. தமிழ் ஏ, ஆங்கிலம் ஏ மைனஸ், மலாய் பி பிளஸ், கணிதமும் நன்னெறியும் பி, வரலாறும் உயிரியலும் சி பிளஸ், இயற்பியலும் வேதியியலும் சி. கூடுதல் கணிதத்தில் டி. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

அவன் செய்த தவறெல்லாம் இதுதான்: 10ஏ எடுக்கவில்லை, பள்ளியை விட்டு ஓடவும் இல்லை. 10ஏ எடுத்திருந்தால் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து மாலை போட்டுப் படம் எடுத்திருப்பார்கள். ஓடிப்போய் ஏதாவது கும்பலில் சேர்ந்திருந்தால் ஒரு தன்முனைப்பு முகாம், ஓர் இலவச டி-சட்டை, "இந்திய இளைஞர்கள் எங்கே போகிறார்கள்" என்று ஒரு கருத்தரங்காவது நடந்திருக்கும். இவன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனான், டியூசனுக்குப் போனான், வீட்டுக்கு வந்தான். இப்படிப்பட்டவனுக்கு யார் கருத்தரங்கு வைப்பார்கள்?

அவன் படித்தது கிள்ளானில் பேர்போன பள்ளி. பேர் வேண்டாம், பள்ளிக்கு இழுக்கு. முடிவு வந்த அன்று மண்டபத்தில் நிறைய ஏ வாங்கியவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். தாய்மார்கள் பூங்கொத்தோடு முன்வரிசையில் இருந்தார்கள். என் மகனும் அவன் கூட்டாளிகளும் பக்கவாட்டில் மின்விசிறிக்கு அடியில் நின்று கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள், ஐந்து ஆண்டாகப் பழக்கம். மறுவாரம் பள்ளி வேலியில் பெரிய பதாகை தொங்கியது, முகமும் எண்ணிக்கையுமாக. காய்கறிக் கடையில் பார்த்த அக்கா ஒருவர், "தம்பிக்கு எத்தன ஏ?" என்றார். "ரெண்டு" என்றேன். "ஐயோ, பத்துக்கு ரெண்டு கொறச்சலா?" என்றார். இல்லை அக்கா, வெறும் ரெண்டு.

கணினி அவர்களே, தாங்கள் எண்களோடு வாழ்பவர். தங்களிடம் ஒரு கணக்கைக் காட்டத்தான் இந்தக் கடிதம். அந்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்கள் 14,179 பேர், அதாவது 3.7 விழுக்காடு. அமைச்சு அதை மேடையில் அறிவித்தது, பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. மீதி 96.3 விழுக்காட்டைப் பற்றி நான் ஒரு தலைப்புச் செய்தியும் பார்க்கவில்லை. அதே அறிவிப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது: தேசியச் சராசரி 4.49. பூஜ்ஜியம் என்றால் எல்லாம் ஏ பிளஸ், 9 என்றால் எல்லாம் ஜி. நான்குக்கு பி, ஐந்துக்கு சி பிளஸ். ஆக, நாடு மொத்தமும் பி-க்கும் சி பிளஸுக்கும் நடுவில் நிற்கிறது. என் மகனுடையதைக் கூட்டி வகுத்தேன். 4.3. எண் குறையக் குறைய மேல் என்பதால், பையன் நாட்டின் சராசரியைவிட ஒரு படி மேலே இருக்கிறான். அவன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாட்டுக்கே டியூசன் வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

பரீட்சைப் பைத்தியம் தீரட்டும் என்று 2021-இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆரை எடுத்தார்கள், 2022-இல் மூன்றாம் படிவத்தின் பிடி3-ஐ எடுத்தார்கள். கும்பிட்டு வரவேற்றோம். பைத்தியம் தீரவில்லை. மூன்று பரீட்சைக்குப் பங்கு போட்டிருந்தது மொத்தமாக எஸ்.பி.எம். தலையில் ஏறிக்கொண்டது.

அடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன். அது எங்களுடைய வேலை அல்ல என்று பதில் போடுவீர்கள். தெரியும். ஆனால் அங்கே படித்தவனும் கடைசியில் தங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறான். 2019-இல் 25,000 இடத்தை 40,000 ஆக்கியபோதும் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீட்டை மட்டும் யாரும் அசைக்கவில்லை. 2024 ஜூன் கடைசியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10ஏ எடுத்த எல்லாருக்கும் இனம் பாராமல் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். பிறகு ஏ மைனஸும் ஏ-தானா என்று பெரியவர்கள் மோதிக்கொண்டார்கள். நம் சமூகத் தலைவர்களும் ஆண்டுதோறும் இதற்காகத்தான் அறிக்கை விடுகிறார்கள்: 10ஏ எடுத்தவனுக்கு இடம் இல்லையா, 9ஏ எடுத்தவள் கண்ணீர் வடிக்கிறாளே! நியாயமான கோபம்தான். ஆனால் சி பிளஸ் எடுத்தவனுக்காக ஓர் அறிக்கை விட்ட தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவன் தகப்பனுக்கும் ஓட்டு இருக்கிறது என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சரி, கல்லூரி பார்க்கலாம் என்று மகனை அழைத்துக்கொண்டு போர்ட் கிள்ளானில் கொமியூட்டர் ஏறினேன். உயர்கல்வி முழுவதையும் அந்த ஒரே தண்டவாளத்தில் பார்த்துவிடலாம். பாடாங் ஜாவாவில் பாதி ரயில் இறங்கியது. அது பூமிபுத்ராக்களுக்கான யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் நிறுத்தம், எங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும். சுபாங் ஜெயாவில் தனியார் கல்லூரி விளம்பரப் பலகைகளில் பிள்ளைகள் பல் தெரியச் சிரித்தார்கள். செத்தியா ஜெயாவில் இறங்கிப் பேருந்து மாறினால் 'சன்யூ-மோனாஷ்' என்று நிலையத்துக்கே பல்கலைக்கழகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டுவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடும் வசதியும் உண்டு. அப்துல்லா ஹுக்கூம் பக்கம் வந்தால் மலாயாப் பல்கலைக்கழகம் தொலைவில்லை. 1950-களில் அதன் நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்க 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கொடுத்த தொழிலாளிகளிடம் யாரும் மெரிட் புள்ளி கேட்கவில்லை.

மிட் வேலி கல்விக் கண்காட்சிக்கும் போனோம். என் மகனை "டியர்" என்று அழைத்த ஒரே கல்வித்துறை அங்கேதான் இருந்தது. ஒரு தனியார் கல்லூரி மேசையில் இருந்த பெண் அவன் சான்றிதழைப் பார்த்து, "வாவ், உங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு" என்றார். 30 விழுக்காடு. அவன் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டில் முதல் தடவையாக யாரோ அவனை மேடைக்கு அழைத்ததுபோல் இருந்தது. மீதி 70 விழுக்காட்டைக் கேட்டதும் என் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். "பிடிபிடிஎன் கடன் இருக்கே அங்கிள்" என்றார். இருக்கிறது, 1997-இலிருந்து இருக்கிறது. அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் மச்சினனும் எனக்கு இருக்கிறான்.

மிச்சம் இரண்டு வழி. படிவம் ஆறு: மூன்று பருவம், செலவு சொற்பம், எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு. ஆனால் "அது ரொம்பக் கஷ்டம்பா" என்று பேர் வாங்கிவிட்டது. பழையபடி பள்ளிக்கூடம் வேறு. இன்னொன்று ஷா ஆலாமில் இருக்கும் பொலிதெக்னிக். என்னைக் கேட்டால் அதுதான் பையனுக்குச் சரி. உறவுக்காரர்களிடம் சொன்னேன். "பொலிதெக்னிக்கா?" என்று இழுத்த இழுப்பில், ஜாமீன் கேட்டு வந்தவன்போல் நின்றேன். பாதிக் குற்றம் தங்களுடையது என்றால் மீதிப் பாதி எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். கப்பலின் புகைபோக்கி நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்தப் பக்கம் போகிறது என்று பையன் சொல்லிவிடுவான். கண்டெய்னர் எண்ணில் கடைசி இலக்கம் ஏன் கட்டத்துக்குள் இருக்கிறது என்று எனக்கே விளக்கினான். எனக்கு அங்கேதான் வேலை, ஃபார்வர்டிங் கம்பெனியில் சுங்கத்துறைக்கான கே1 பாரம் நிரப்புகிறேன். தங்கள் பாரத்தில் பன்னிரண்டு விருப்பம் கேட்கிறீர்கள், கல்விக்கு 90 புள்ளி, புறப்பாடத்துக்கு 10 புள்ளி என்கிறீர்கள். கப்பலைக் கண்டுபிடிப்பதற்குக் கட்டம் எங்கே? சுங்கத்துறைக்கு உலகத்துச் சரக்கெல்லாம் வருகிறது; எதிலும் அடங்காததற்கு அவர்கள் 'மற்றவை' என்று ஒரு வரி வைத்து, அதற்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, மரியாதையாக உள்ளே விடுகிறார்கள்.

ஆகவே வேண்டிக்கொள்வது: அடுத்த ஆண்டு முடிவை அறிவிக்கும்போது, 4.49 வாங்கிய நாட்டையும் மேடைக்கு அழைத்து ஒரு பூங்கொத்து கொடுங்கள். பள்ளி வேலியில் பொலிதெக்னிக் போகிறவன் படத்துக்கும் ஒரு முழம் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆலோசக ஆசிரியர்களுக்கு, 10ஏ எடுத்தவனின் உபகாரச் சம்பளப் பாரங்களை நிரப்பி முடித்த பிறகு, மற்றவனோடு பேச அரை மணி நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
4.3-இன் தகப்பன்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி அழைத்தார். ஸ்காலர்ஷிப் 40 விழுக்காடு ஆகிவிட்டதாம். தங்கள் முடிவு தாமதமானால் 50-ஐத் தொடும்போல் தெரிகிறது. அவசரமில்லை, நிதானமாகவே முடிவு செய்யுங்கள்.