பச்சை மாறாத ரெப்போ

தம்பி, உன் கிட்ஹப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வருஷக் கட்டங்களில் ஒன்றுகூட வெளுத்திருக்கவில்லை. பொங்கலுக்கும் பச்சை, தீபாவளிக்கும் பச்சை. உன் அக்கா கல்யாணத்தன்று நீ மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாய். அன்றைக்கும் இரவு பத்து மணிக்கு உன் கமிட் விழுந்திருக்கிறது. 2005-ல் கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் லீவு நாள் உண்டு. உனக்கு இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள உழைப்பையும் சொல்ல வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாமல் கமிட் கேட்டால் கிட் மறுத்துவிடும். அதனால் ஒரு கோப்பின் அடியில் அன்றைய தேதியை எழுதி, அதைச் சேர்த்து, கமிட் போட்டு, புஷ் செய்ய எட்டு வரியில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாய். லேப்டாப் மூடியிருந்தால், அதைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் ஓடாது என்று தெரிந்ததும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தாய். அதன் கடிகாரம் யுடிசியில் ஓடுவதைக் கண்டுபிடித்து, நம்மூர் இரவு பத்துக்கு ‘30 16 * * *’ என்று கணக்காகப் போட்டாய். கமிட்டில் உள்ள மின்னஞ்சல் உன் கணக்கில் சேர்ந்ததாக இருந்தால்தான் கட்டம் பச்சையாகும் என்பதையும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாய். தினமும் ஒரே பச்சை என்றால் சந்தேகம் வருமே என்று, ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் ஏழு என எண்ணிக்கையைக் கலைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இளம்பச்சை வைத்தாய். வேலை செய்கிறவன் எப்படிக் களைப்பான் என்பதை இவ்வளவு நுட்பமாகக் கவனித்தவர் குறைவு.

தானாகக் கமிட் போடும் கருவிகள் வேறும் உண்டு. சர்வரின் அமைப்புக் கோப்புகளைத் தினமும் பதிந்துவைக்கும் எட்சிகீப்பர் அப்படி ஒன்று. ஆனால் ஏதாவது மாறியிருந்தால்தான் அது கமிட் போடும். உன்னுடையதற்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

நீ பிறந்த அதியமான்கோட்டையில் இந்த அருமை தெரியாதவர் இருக்க முடியாது. அவ்வை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிய கதை புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுக்குள் வைத்திருந்த வேல்களை அவள் வாயாரப் புகழ்ந்தாள். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாள். உன் ரெப்போ தொண்டைமான் கொட்டிலுக்குக் குறைந்ததல்ல. ஒரு கீறல் கிடையாது.

உன் தெருவிலேயே ஒரு பெண் பட்டுக்கூடு ஏலக் கணக்குக்கு நிரல் எழுதுகிறாள். அவள் பக்கத்தில் பாதிக் கட்டம் வெளுப்பு. மார்ச்சில் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. இருக்கிற கமிட்டிலும் ‘எடை கிராமில் வருகிறது, கிலோவாக மாற்றினேன்’ என்று ஒன்று. மறுநாளே ‘நேற்றைய திருத்தத்தில் கால் கிலோ விடுபடுகிறது, ரிவர்ட்’ என்று இன்னொன்று. உன்னிடம் ரிவர்ட்டே கிடையாது. அவள் எழுதிய ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால், யார் எப்போது மாற்றினார் என்று கிட் பிளேம் காட்டும். எதற்காக என்பதை அந்தக் கமிட்டின் செய்தியே சொல்லிவிடும். பிழை எங்கே நுழைந்தது என்று தேட அவள் கிட் பைசெக்ட் ஓட்டுகிறாள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பாதி பாதியாகக் கழித்துப் பத்துச் சோதனையில் அந்த இடத்துக்குப் போய்விடலாம். உனக்கு அந்த அலைச்சல் இல்லை. எந்தக் கமிட்டைத் திறந்தாலும் ‘அப்டேட்’ என்று ஒரு சொல், கீழே ஒரு தேதி. பிழை நுழைய இடமே வைக்கவில்லை நீ.

பெங்களூரில் நேர்காணலுக்குப் போகும்போது இந்தப் பச்சையைக் காட்டுவாய். பார்க்கிறவர் ஏதாவது ஒரு கட்டத்தைத் தட்டி, அன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் தேதியைத் தவிர உன்னிடம் சொல்ல ஒன்றுமிருக்காது. யுடிசி கணக்கையும் மின்னஞ்சல் சிக்கலையும் கேட்டாலோ அரை மணி நேரம் பேசுவாய், ஏனென்றால் அது நீ செய்தது. நீ செய்தவற்றில் ரெப்போவில் இல்லாதது அந்த எட்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றுதான். அதையும் ரெப்போவில் ஏற்று, தம்பி. ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதினாய் என்று கமிட் செய்தியில் சொல். அன்றிரவே கிரானை நிறுத்திவிடு. கட்டம் வெளுத்தால் வெளுக்கட்டும்.